ஸ்பேனரைக் கீழே வைக்காமல் எம்பிஏ படிக்கலாமா? வாசகர் கேள்வி-பதில்

போன இதழில் ஒரு வாசகருக்கு எக்ஸிகியூட்டிவ் எம்பிஏ (வேலையை விடாமலே படிக்கும் மேலாண்மைப் படிப்பு) பற்றி நாலு வரி பதில் எழுதியிருந்தேன். அதற்கு அப்புறம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அதே விஷயம்தான். சரி, இந்த இதழ் முழுக்க அதற்கே இருக்கட்டும் என்று முடிவு செய்தேன். நானும் ஒரு ரசாயன ஆலையில் ப்ராசஸ் இன்ஜினியராக இருந்தபோது, 39 வயதில், சனி ஞாயிறு வகுப்புக்குப் போய்ப் படித்தவன். அதனால் கேள்வி கேட்டவர்களின் மனநிலை எனக்குப் புரிகிறது.

*

கேள்வி: வணக்கம் சார். வயது 36, பி.இ. மெக்கானிக்கல். 13 வருஷமாக வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் மெயின்டனன்ஸ் பார்க்கிறேன். ராத்திரி 2 மணிக்கு மெஷின் நின்றாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். ஆனால் ப்ரொமோஷன் என்று வந்தபோது, என்னைவிட ஏழு வயது சின்னவர், எம்பிஏ முடித்தவர், எனக்கு மேலாளராக வந்துவிட்டார். நானும் எக்ஸிகியூட்டிவ் எம்பிஏ படித்தால் நிலைமை மாறுமா?
(வாசகர், ஓசூர்)

பதில்: மாறும். ஆனால் சான்றிதழைக் கொண்டுபோய் எச்.ஆர். மேஜையில் வைத்த மறுநாள் மாறிவிடாது. முதலில் மாறுவது நீங்கள் பேசுகிற பேச்சு. இதைப் பொதுவாகச் சொன்னால் புரியாது, எனக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

நான் இருந்த ஆலையில் ஒரு பழைய ஏர் கம்ப்ரசர் இருந்தது. அதை மாற்றச் சொல்லி மூன்று வருஷம் விடாமல் எழுதினேன். வைப்ரேஷன் ரீடிங், எண்ணெய்க் கசிவு, பேரிங் போட்டோ எல்லாம் சேர்த்துப் பதினோரு பக்கம். மூன்று தடவையும் ஃபைனான்ஸ் பிரிவு திருப்பி அனுப்பியது. இவர்களுக்கு மெஷினைப் பற்றி என்ன தெரியும் என்று கேன்டீனில் உட்கார்ந்து புலம்பியிருக்கிறேன். நான் எழுதியிருந்த கணக்கு இவ்வளவுதான்: புது கம்ப்ரசர் 40 லட்சம் ரூபாய், கரண்ட் பில்லில் வருஷத்துக்கு 10 லட்சம் மிச்சம், ஆகவே நாலு வருஷத்தில் போட்ட பணம் வந்துவிடும்.

படிப்பில் சேர்ந்து இரண்டாவது டெர்மில் நிதி மேலாண்மை வகுப்பு. அங்கே உட்கார்ந்திருந்தபோதுதான், அவர்கள் திருப்பி அனுப்பியது சரி என்று உறைத்தது. கம்பெனி போடுகிற பணத்துக்கு வட்டி மாதிரி வருஷம் 12 சதவீதம் செலவு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நாலாவது வருஷக் கடைசியில் கைக்கு வரும் 10 லட்சத்தின் இன்றைய மதிப்பு 6 லட்சத்து 36 ஆயிரம்தான், ஏனென்றால் இன்றைக்கு அவ்வளவு இருந்தாலே அது 12 சதவீதத்தில் நாலு வருஷத்தில் 10 லட்சமாகிவிடும். நாலு வருஷ மிச்சத்தையும் இப்படிக் கழித்துக் கூட்டினால் 30 லட்சத்துச் சொச்சம் வரும், 40 வராது. போட்ட 40 லட்சம் உண்மையில் திரும்பிவர ஆறாவது வருஷம் முடியும் வரை போக வேண்டும். பத்து இடத்திலிருந்து பணம் கேட்டு ஃபைல் வரும்போது, ஆறு வருஷக் கணக்கை யார் எடுப்பார்கள்?

ஆனால் அதே வகுப்பில் இன்னொன்றும் கண்ணில் பட்டது. கம்ப்ரசர் நின்றால் லைன் நிற்கும். லைன் ஒரு மணி நேரம் நின்றால் கம்பெனிக்கு எவ்வளவு போகிறது என்பதை நான் எழுதவே இல்லை. ஏன் என்றால் எனக்குத் தெரியாது. விற்கும் விலையில் மூலப்பொருள் மாதிரி மாறும் செலவுகள் போக எவ்வளவு மிஞ்சுகிறது என்று பத்து வருஷத்தில் ஒரு நாளும் நான் யாரிடமும் கேட்டதில்லை. செலவுக் கணக்குப் பார்க்கும் காஸ்டிங் பிரிவில் போய்க் கேட்டேன். மணிக்கு 50 ஆயிரம் என்றார்கள். அதற்கு முந்தைய வருஷம் அந்த கம்ப்ரசரால் லைன் நின்றது 14 மணி நேரம். அப்படியென்றால் 7 லட்சம். கரண்ட் மிச்சத்தோடு சேர்த்தால் வருஷத்துக்கு 17 லட்சம். இப்போது அதே 12 சதவீதம் கழித்துப் பார்த்தால் மூன்றே வருஷத்தில் 40 லட்சத்தைத் தாண்டிவிடுகிறது. இரண்டு பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன். அந்த மாதமே ஒப்புதல் வந்தது. பழைய பதினோரு பக்கத்தில் ஒரு பொய்கூட இல்லை, உழைப்புக்கும் குறைவில்லை. படிக்கிறவருக்கு வேண்டிய எண் மட்டும் அதில் இல்லாமல் இருந்தது.

அந்த ஒப்புதலுக்குப் பிறகுதான் பட்ஜெட் கூட்டங்களுக்கு என்னைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். பட்டம் கைக்கு வர அப்போது இன்னும் ஒரு வருஷம் இருந்தது!

எக்ஸிகியூட்டிவ் படிப்பின் பலமே இதுதான். வேலையை விட்டுவிட்டு முழுநேரமாகப் படிப்பவர் புத்தகத்தில் உள்ள ஏதோ ஒரு கம்பெனியின் கதையில் கணக்குப் போடுவார். நீங்கள் ஞாயிற்றுக்கிழமை கற்றதைத் திங்கள்கிழமை உங்கள் ஆலையிலேயே போட்டுப் பார்ப்பீர்கள். 1943ல் சிகாகோ பல்கலைக்கழகம் வேலையில் இருக்கும் மேலாளர்களுக்கென்று முதல் எக்ஸிகியூட்டிவ் எம்பிஏவைத் தொடங்கியதே இந்த யோசனையில்தான். அதே சிகாகோவில்தான் சத்ய நாதெள்ளா வார இறுதி எம்பிஏ படித்தார். மணிப்பாலில் எலெக்ட்ரிக்கல் இன்ஜினியரிங் படித்தவர், 1992ல் மைக்ரோசாஃப்டில் சேர்ந்து, அதன் தலைமையகம் இருக்கும் ரெட்மண்டில் வேலை பார்த்துக்கொண்டே வார இறுதியில் சிகாகோவுக்கு விமானத்தில் போய்வந்து 1997ல் முடித்தார். அவர் தலைமைச் செயல் அதிகாரி ஆனது 2014ல். நடுவில் 17 வருஷம்! படித்த உடனே நாற்காலி வந்துவிடும் என்று நினைப்பவர்கள் அந்த இடைவெளியைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

அப்புறம் உங்கள் மேலாளர்மேல் கோபம் வேண்டாம். அந்தக் கோபத்தில் 15 லட்சம் ரூபாய் கட்டணம் கட்டாதீர்கள். உங்கள் கம்பெனியில் போன ஐந்து வருஷத்தில் பிளான்ட் ஹெட், ஆபரேஷன்ஸ் ஹெட் ஆனவர்கள் யார், அவர்கள் மெயின்டனன்ஸ் பக்கத்திலிருந்து வந்தவர்களா என்று விசாரியுங்கள். ஒருவர்கூட இல்லை என்றால், படித்து முடித்ததும் கம்பெனி மாறுவதற்கும் சேர்த்துத்தான் நீங்கள் திட்டமிட வேண்டும்.

*

கேள்வி: அண்ணா, நான் ஐடி நிறுவனத்தில் டெஸ்ட் லீடாக இருக்கிறேன். 34 வயது, ஐந்து வயதில் மகள். வார இறுதி எம்பிஏ படிக்க ஆசை. கணவர் "படி" என்கிறார். ஆனால் வீட்டில் பெரியவர்கள், இருக்கும் நேரத்தைப் பிள்ளைக்குக் கொடுக்காமல் இந்த வயதில் என்ன படிப்பு என்கிறார்கள். எனக்கே குற்ற உணர்ச்சியாக இருக்கிறது. சாஃப்ட்வேரில் இருப்பவருக்கு இந்தப் படிப்பு உண்மையில் உதவுமா?
(வாசகி, சோழிங்கநல்லூர்)

பதில்: முதலில் கடைசிக் கேள்விக்கு வருகிறேன்மா, ஏனென்றால் அதற்குப் பதில் "இல்லை" என்றால் மற்றது எதைப் பற்றியும் கவலைப்பட வேண்டியதே இல்லை.

உங்கள் ப்ராஜெக்ட் எந்த மாதிரி ஒப்பந்தத்தில் ஓடுகிறது என்று தெரியுமா? மொத்த வேலைக்கும் ஒரே விலை பேசும் ஃபிக்ஸட் பிரைஸ் என்றால், கிளையன்ட் "இதையும் சேர்த்துக் கொடுங்களேன்" என்று கேட்கும் ஒவ்வொரு சின்ன வேலையும் உங்கள் கம்பெனியின் லாபத்திலிருந்துதான் போகிறது. ஆள் கணக்கு, மணிக் கணக்கில் பில் போடும் ஒப்பந்தம் என்றால் அதே வேலை வருமானம். டீம் லீடாக இருக்கும் பலருக்கு இது மேலோட்டமாகத் தெரியும், ஆனால் அதை வைத்து முடிவெடுக்கும் இடத்தில் அவர்கள் இல்லை. ரிலீஸ் ஒரு வாரம் தள்ளிப்போனால் எத்தனை பேர் சம்பளம் வீணாகிறது, அந்த ஒரு வாரத்தை ஆட்டோமேஷனில் போட்டால் அடுத்த ஆறு மாதத்தில் எவ்வளவு திரும்பிவரும் என்று சொல்லத் தெரிந்தவரை டெலிவரி மேலாளர், ப்ராடக்ட் மேலாளர், விற்பனைக்கு முன் கிளையன்ட்டுக்குத் திட்டம் தயாரிக்கும் ப்ரீசேல்ஸ் என்று பல பக்கமும் தேடுகிறார்கள். டெஸ்டிங்கிலிருந்து வருபவருக்கு இதில் ஒரு நல்ல பலம் இருக்கிறது. எது எங்கே உடையும் என்று முன்கூட்டியே யோசித்துப் பழகியவர் நீங்கள். விலை வைப்பதற்கும் ஒப்பந்தம் எழுதுவதற்கும் அந்தப் புத்திதான் வேண்டும். ஆகவே உதவும்.

இப்போது வீடு. இதில் இனிப்பாகப் பேச எனக்கு மனசில்லை. வகுப்பு போக எனக்கு வாரம் 12 மணி நேரம் தேவைப்பட்டது. குழு வேலைக்கு இரவு 10 மணிக்கு மேல்தான் எல்லோரும் கூடுவோம், சில நாள் முடிய 12 ஆகும். வருகைப் பதிவுக் கணக்கு கண்டிப்பானது. என் மச்சினி கல்யாணத்துக்கு முந்தின நாள் நான் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தேன், என் மனைவி அதை இன்றைக்கும் சொல்லிக்காட்டுவாள், அவள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. இரண்டு வருஷம் ஒரு வீடு முழுக்கச் சேர்ந்து படிக்கிற படிப்பு இது.

அதனால் "படி" என்று கணவர் சொன்னது மட்டும் போதாது. வகுப்பு அட்டவணையை வாங்கி, காலண்டரை நடுவில் வைத்து இருவரும் உட்காருங்கள். இந்தச் சனிக்கிழமை மகளை டான்ஸ் வகுப்புக்கு யார் கூட்டிப்போவது, பரீட்சை வாரத்தில் அவளுக்குக் காய்ச்சல் வந்தால் யார் லீவு போடுவது என்று பெயர் போட்டு எழுதுங்கள். எழுதும்போதுதான் அந்த "படி" எவ்வளவு உறுதியானது என்று இருவருக்குமே தெரியும். பெரியவர்களிடமும் அந்தக் காலண்டரையே காட்டுங்கள். அவர்கள் பயப்படுவது குழந்தையை நினைத்து. யார் எப்போது பார்த்துக்கொள்வார்கள் என்று தெரிந்தால் பாதிப் பயம் போய்விடும்.

குற்ற உணர்ச்சியைப் பற்றி ஒன்றே ஒன்று. உங்கள் மகள் ஒன்றாம் வகுப்புப் பாடம் எழுதும்போது, அதே மேஜையில் அம்மாவும் பாடம் எழுதுகிறாள். அதில் அவளுக்கு நஷ்டம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. ஆனால் வருகிற ஆறு மாதம் பெரிய ரிலீஸ் இருக்கிறதென்றால் அடுத்த பேட்ச்சில் சேருங்கள். முதல் டெர்ம்தான் மிகக் கஷ்டம்.

*

கேள்வி: பட்டம், டிப்ளமா, சான்றிதழ் என்று தலை சுற்றுகிறது. தமிழ்நாட்டில் இருந்தபடியே எங்கே படிக்கலாம்? நான் பொதுத்துறை நிறுவனத்தில் இன்ஜினியர்.
(வாசகர், திருச்சி)

பதில்: ஐஐஎம்கள் (இந்திய மேலாண்மைக் கழகங்கள்) பல வருஷம் டிப்ளமாதான் கொடுத்துவந்தன. 2017ல் நிறைவேறிய ஐஐஎம் சட்டம் 2018 ஜனவரி 31 முதல் நடைமுறைக்கு வந்த பிறகு பட்டம் வழங்கும் அதிகாரம் கிடைத்தது. ஆனால் அங்கே நடக்கும் எல்லாப் படிப்பும் பட்டப் படிப்பு என்று நினைத்துவிடாதீர்கள். சில மாத ஆன்லைன் படிப்புகளுக்கும் பெரிய கல்வி நிலையத்தின் முத்திரை இருக்கும், முடித்தால் கிடைப்பது சான்றிதழ் மட்டும். அதில் கற்றுக்கொள்ள நிறைய இருக்கலாம், ஆனால் எம்பிஏ என்று விண்ணப்பத்தில் எழுத முடியாது. போனில் கூப்பிட்டு "இன்றே கட்டினால் தள்ளுபடி" என்று அவசரப்படுத்துபவர்களிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: முடித்ததும் கொடுக்கும் காகிதத்தில் என்ன எழுதியிருக்கும்? அதை எழுத்தில் வாங்குங்கள்.

உங்கள் ஊரிலேயே 2011ல் தொடங்கிய ஐஐஎம் இருக்கிறது. வேலை பார்ப்பவர்களுக்கான வார இறுதிப் படிப்பை அவர்கள் நடத்துவது சென்னையில், ஆகவே ரயில் டிக்கெட்டையும் கணக்கில் சேருங்கள். ஐஐடி மெட்ராஸின் மேலாண்மைத் துறை இரண்டு வருஷ எக்ஸிகியூட்டிவ் எம்பிஏ தருகிறது. பேராசிரியர் பாலா பாலச்சந்திரன் 2004ல் தொடங்கிய கிரேட் லேக்ஸ், சென்னை லயோலா கல்லூரி வளாகத்தில் இருக்கும் லிபா ஆகிய மேலாண்மைக் கல்லூரிகளிலும் வேலையில் இருப்பவர்களுக்கென்று படிப்புகள் உண்டு. செலவு மிகக் குறைய வேண்டும் என்றால் இக்னோ (இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம்) மாதிரியான இடத்தில் தொலைநிலைப் படிப்பு. அங்கீகாரம் உள்ள பல்கலைக்கழகங்களின் தொலைநிலை, ஆன்லைன் பட்டங்கள் நேரடிப் பட்டத்துக்குச் சமம் என்று பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி 2022லேயே சொல்லிவிட்டது. அங்கே இல்லாதது சக மாணவர்களோடு உட்கார்ந்து சண்டை போட்டுக் கற்பது. எனக்கு ஒரு வங்கி அதிகாரியும் ஒரு மருந்து விற்பனை மேலாளரும் பக்கத்து இருக்கை. பாதிப் பாடம் அவர்களிடம் கற்றதுதான்.

பொதுத்துறையில் இருப்பதால் இதை மறக்காதீர்கள்: சேருவதற்கு முன்னால் நிர்வாகத்திடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். பதவி உயர்வு விதிகளில் பகுதிநேர, தொலைநிலைப் படிப்பை ஏற்கிறார்களா என்றும் கேட்டுவிடுங்கள். முடித்த பிறகு கேட்டுப் பயனில்லை.

*

கேள்வி: கட்டணம் 15 லட்சம். கம்பெனி பாதி தருகிறேன் என்கிறது, ஆனால் முடித்த பின் இரண்டு வருஷம் வேலையை விடக்கூடாது என்று பாண்ட். ஒத்துக்கொள்ளலாமா, அல்லது முழுக்கக் கடன் வாங்கிப் படிக்கலாமா?
(பம்ப் வடிவமைப்புப் பொறியாளர், கோவை)

பதில்: முழுக்கக் கடன் வாங்கினால் என்ன ஆகும் என்று பார்ப்போம். 15 லட்சம், 10.5 சதவீத வட்டி, ஏழு வருஷம் என்றால் மாதத் தவணை சுமார் 25,300 ரூபாய். மொத்தம் கட்டுவது 21 லட்சத்துக்கு மேல். பழைய வருமான வரி முறையில் இருந்தால் கல்விக் கடன் வட்டிக்கு எட்டு வருஷம் வரை கழிவு உண்டு. புதிய முறையில் அது கிடையாது. வீட்டுக் கடன் ஏற்கனவே ஓடுகிறதென்றால் இந்த 25 ஆயிரம் எங்கே இடிக்கும் என்று வீட்டில் பேசுங்கள்.

பாண்டைப் பார்த்துப் பயப்படாதீர்கள், வாசகத்தைப் படியுங்கள். இரண்டு வருஷம் எந்தத் தேதியிலிருந்து? நடுவில் விலகினால் முழுத் தொகையா, மீதமுள்ள மாதங்களுக்கு மட்டுமா? கம்பெனியே உங்களை அனுப்பிவிட்டால் என்ன? இந்த மூன்றுக்கும் நியாயமான பதில் இருந்தால் நான் ஒத்துக்கொள்வேன். பணம் போட்ட கம்பெனிக்கு உங்களைப் பயன்படுத்திக்கொள்ளும் அக்கறை வரும். கையெழுத்துப் போடும் முன், படிப்பின் கடைசி ப்ராஜெக்டை உங்கள் கம்பெனியிலேயே, உங்கள் துறைக்கு வெளியே, ஏற்றுமதி விலையிலோ டீலர் கடன் பாக்கியிலோ செய்ய அனுமதி கேளுங்கள். பம்ப் தொழிலில் டீலரிடம் மாட்டியிருக்கும் பணத்தைப் பற்றிப் புரிந்துகொண்ட டிசைன் இன்ஜினியரை எந்த முதலாளியும் சும்மா உட்கார வைக்க மாட்டார்.

*

கேள்வி: எனக்கு டெக்னிக்கல் வேலைதான் உயிர். ஆள் மேய்க்கும் வேலை பிடிக்காது. எல்லோரும் எம்பிஏ படி என்கிறார்கள்.
(வாசகர், மதுரை)

பதில்: படிக்காதீர்கள். உங்கள் கம்பெனியில் ஆர்க்கிடெக்ட், பிரின்சிபல் இன்ஜினியர் என்று டெக்னிக்கல் ஏணி தனியாக இருந்தால் அதில் ஏறுங்கள், இல்லையென்றால் அது இருக்கும் கம்பெனிக்குப் போங்கள். இன்னொன்றும் சொல்கிறேன். மேலாண்மைக்கே எம்பிஏ கட்டாயம் இல்லை. நாமக்கல் பக்கத்து மோகனூரில் பிறந்த என். சந்திரசேகரன் கோவை சி.ஐ.டி.யில் பட்டம், திருச்சி ஆர்.இ.சி.யில் எம்.சி.ஏ. படித்தார். 1987ல் டிசிஎஸ்ஸில் சேர்ந்து 2009ல் அதன் தலைமைச் செயல் அதிகாரியாகி, 2017ல் டாடா குழுமத்தின் தாய் நிறுவனமான டாடா சன்ஸ் தலைவர் ஆனார். அவர் அதை வேலையிலேயே கற்றார். பிடிக்காத வேலைக்குப் பணம் கட்டித் தகுதி வாங்குவதைவிடப் பெரிய வீண்செலவு கிடையாது.

*

கேள்வி: 48 வயது. தாமதமாகிவிட்டதா?
(வாசகர், நெய்வேலி)

பதில்: ஓய்வுக்கு இன்னும் பத்துப் பன்னிரண்டு வருஷம் இருக்கிறது, வகுப்பில் உங்களைவிட மூத்தவர்களும் இருப்பார்கள், கற்க வயது தடையே இல்லை. ஆனால் இந்த வயதில் 15 லட்சம் கடன் வாங்க வேண்டாம். மகன் மகள் படிப்புச் செலவும் இப்போதுதான் வரும். கையில் இருக்கும் பணத்தில் முடியுமென்றால் படியுங்கள், இல்லையென்றால் நிதி சம்பந்தமாக ஒரு குறுகிய காலப் படிப்பு போதும்.

*

கேள்வி: கணக்கைத் தொட்டு 12 வருஷம் ஆகிறது. ஜிமேட் நுழைவுத் தேர்வு என்றாலே பயம். எங்கிருந்து ஆரம்பிப்பது?
(வாசகி, சேலம்)

பதில்: இப்போது உள்ள ஜிமேட் 2 மணி 15 நிமிடம்தான், மூன்று பகுதி, பகுதிக்கு 45 நிமிடம். கட்டுரை எழுதுவதையும் வடிவியலையும் எடுத்துவிட்டார்கள். மதிப்பெண் ஐந்து வருஷம் செல்லும். சில கல்வி நிலையங்கள் தங்கள் சொந்த நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணையும் எடுத்துக்கொள்கின்றன, அதனால் முதலில் நீங்கள் நினைத்திருக்கும் இடம் எதைக் கேட்கிறது என்று பாருங்கள். சதவீதம், விகிதம், சராசரி இந்த மூன்றிலும் தினம் அரை மணி நேரம், மூன்று மாதம் போட்டால் கை பழகிவிடும்.

நேர்காணலில்தான் பலர் தடுமாறுகிறார்கள். "உங்கள் கம்பெனிக்கு லாபம் எங்கிருந்து வருகிறது?" என்று கேட்பார்கள், பதில் வராது. உங்கள் கம்பெனி பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டதென்றால் ஆண்டறிக்கை அதன் இணையதளத்திலேயே இலவசமாகக் கிடைக்கும். இல்லையென்றால் அதே தொழிலில் உள்ள வேறொரு கம்பெனியின் அறிக்கையை இறக்கிக்கொள்ளுங்கள். தலைவர் உரையை விட்டுவிட்டு, பணம் எங்கிருந்து வந்து எங்கே போனது என்று காட்டும் பணப்புழக்க அறிக்கைக்கு நேராகப் போங்கள். முதல் தடவை ஒன்றும் புரியாது. புரியாத சொற்களுக்கு அடிக்கோடு போட்டு, உங்கள் அலுவலகக் கணக்குப் பிரிவில் மதிய சாப்பாட்டு நேரத்தில் யாரையாவது பிடித்துக் கேளுங்கள். சந்தோஷமாகச் சொல்லித்தருவார்கள், அவர்களிடம் போய் இதையெல்லாம் கேட்கும் இன்ஜினியர் குறைவு.